நீலம் மாறாத கஞ்சி

தன் வாழ்நாளில் எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறான் திருமூர்த்தி. ஒரு குண்டான் கஞ்சியைச் சந்தேகப்பட்டு, அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

கஞ்சி ஆவி விட்டுக்கொண்டு பரம சாதுவாக இருந்தது. இளம்பச்சை நிறம், கொழகொழப்பு, லேசாகச் சீரக வாசம். பாசிப்பயற்றுக் கஞ்சி என்று அதற்குப் பெயர். ஆனைக்கரையில் ஓர் ஏலத்தோட்டத்துக் கிரெச்சு அது. அம்மாமார் ஏலக்காய் எடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் ஓட்டுக் கட்டடம். ஜன்னலுக்கு வெளியே தூறல் நின்றபாடில்லை.

“ஏனுங் மேடம், இதும் மூஞ்சியப் பாத்தா தப்புப் பண்ற மூஞ்சி மாதிரியா இருக்குதுங்க?”

“தப்புப் பண்றவா மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்குமாக்கும்! ஒரு கரண்டி எடுத்து அந்தக் கிண்ணத்துல விடு. நக்கிப் பாக்காதே.”

“காலைல இருந்து வயித்துல ஒண்ணுமில்லீங்க.”

“அதனாலதான் சொன்னேன்.”

ஜானவி மேடம் கல்பாத்திக்காரி. சர்க்காரின் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு வெளியே வந்து, பாலக்காட்டில் துப்பறியும் ஆபீஸ் திறந்தவள். அடுத்தவர் வீட்டில் காபி குடிக்க மாட்டாள். தன் வீட்டுக் காபியையும் முதலில் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள். திருமூர்த்தி பெருமாட்டிக்காரன். தேங்காய் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், இப்போது அவளுடைய ஜீப்பை ஓட்டுகிறான். ஓட்டாத நேரத்தில் வாயை ஓட்டுகிறான்.

அவர்களை வரவழைத்தது கோயமுத்தூரில் ஆஸ்பத்திரி ஹாஸ்டலில் தங்கி நர்சாக இருக்கும் டின்சி. அவளுடைய அம்மா ரோசிதான் இந்தக் கிரெச்சின் ஆயா. விஷயம் இதுதான். கிரெச்சுப் பிள்ளைகள் கொஞ்ச காலமாகத் துவண்டு துவண்டு விழுந்தார்கள். தமிழ்ப்ரியா என்கிற தொழிலாளியின் மகனுக்குக் காலும் முகமும் உப்பின. பிள்ளை பூரிக்கிறான் என்று அவள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது, கட்டப்பனையில் ஒரு டாக்டர் அந்தக் காலைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. உடம்பில் புரதச்சத்தே இல்லை, அதனால்தான் நீர் கோத்திருக்கிறது என்று சொல்லி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்.

தோட்டத்திலிருந்து தினமும் பயறு வருகிறது. பிறகு எப்படிச் சத்து இல்லாமல் போகும்? ரோசிதான் பயற்றை வீட்டுக்குக் கடத்திவிட்டு மைதாவைக் கரைத்து ஊற்றுகிறாள் என்று பேச்சுக் கிளம்பியது. சாயங்காலம் எல்லாரும் வேலை விட்டு வந்ததும் அவளை நீக்குவதாக மேனேஜர் அறிவிக்கப் போகிறார். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். புருஷன் இல்லாத ரோசிக்கு அந்த ஒற்றை அறையைத் தவிர உலகத்தில் வேறு கூரை கிடையாது.

ரோசி சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. அதுவே திருமூர்த்திக்கு உறுத்தியது. குற்றம் செய்யாதவள் என்றால் இந்நேரம் ஒப்பாரி வைத்திருக்க வேண்டாமா?

“ஒரு மணிப் பயறு எடுத்திருந்தாலும் மாதா என்னைச் சும்மா விடமாட்டாம்மா. தினமும் வேகவச்சித்தான் குடுக்கேன்” என்றாள்.

“அப்ப மாவு எங்க இருந்து வந்திச்சாம்?” என்று வாசலில் இருந்து சீறினாள் தமிழ்ப்ரியா. புருஷனை ஆஸ்பத்திரியில் காவலுக்கு வைத்துவிட்டு, மாற்றுத்துணி எடுக்க வந்தவள், விஷயம் கேள்விப்பட்டு அப்படியே இங்கே ஓடி வந்திருந்தாள். “எம்புள்ள அங்க எந்திரிக்க முடியாமக் கெடக்கான். இவுக மாதாவைக் கூப்பிடுதாக!”

மேனேஜர் கிருஷ்ணபிரசாத் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். இந்த மழையிலும் சலவை மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை. அவருக்குப் பின்னால், உதவிக்கென்றே பிறந்தவர் போல ஒரு பெஞ்சைத் தூக்கிக்கொண்டு சூப்பர்வைசர் ஜோபி வந்தார். வந்ததும் வராததுமாக ஜானவிக்கு உட்கார இடம் போட்டார், திருமூர்த்தியின் தோளில் தட்டி, “அண்ணாச்சி சாப்பிட்டீங்களா? கப்பைக்கிழங்கும் மீனும் இருக்கு” என்றார். திருமூர்த்திக்கு அந்த மனிதரை உடனே பிடித்துப்போயிற்று.

“உங்களுக்கு எதுக்கு சிரமம் மேடம்?” என்றார் மேனேஜர். அவரும் பாலக்காட்டுக்காரர்தான். “நானே டெஸ்ட் பண்ணிட்டேன். கஞ்சியில அயோடின் விட்டேன், கருநீலமாயிடுத்து. மாவு கலந்தா அப்படித்தான் ஆகும். வீடியோ இருக்கு, பாருங்கோ.”

“பாத்த வீடியோவா, எடுத்த வீடியோவா?”

“ரெண்டும்.”

“யார் சொல்லித் தந்தா?”

“ஜோபிதான் ஐடியா குடுத்தான். அவன் நல்ல விவரம்.”

ஜோபி அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். ஜானவி முதலுதவிப் பெட்டியைத் திறந்து, காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தை எடுத்துத் தண்ணீர் கலந்தாள். கஞ்சியில் ஒரு சொட்டு விட்டாள். மை கொட்டினாற்போலக் கருத்தது. மத்தியான இடைவேளையில் வந்து கூடியிருந்த அம்மாமார் ‘ஆ’ என்றார்கள். ரோசி கண்ணை மூடிக்கொண்டாள்.

“திருமூர்த்தி, உன் டிபன் டப்பாவைக் கொண்டா.”

“மேடம், அது என்ற சோறுங்க!”

“ஒரு பருக்கை போதும்.”

பருக்கையும் கருத்தது. பிறகு சாக்கிலிருந்து ஒரு பயற்றை எடுத்து அம்மிக் கல்லில் வைத்து நசுக்கி அதன்மேல் விட்டாள். அதுவும் கருத்தது. “கையை நீட்டுங்கோ” என்றாள் மேனேஜரைப் பார்த்து. அவர் நீட்டினார். மொடமொடப்பான சட்டைக் கையில் ஒரு சொட்டு விழுந்து, தண்டவாளம் போல நேராக நின்ற இஸ்திரி மடிப்பின் மேல் கருநீலமாகப் பரவியது.

“அடடா! உங்க சட்டையிலயும் மாவு கலந்திருக்கு. யாரை வேலையை விட்டு அனுப்பறது?”

“இது… கஞ்சி போட்ட சட்டை மேடம்!”

“அதேதான். அயோடினுக்கு மாவுச்சத்தை மட்டும்தான் தெரியும், கேட்டேளா? அது அரிசியில இருக்கு, கப்பையில இருக்கு, இந்தப் பாசிப்பயத்துலயே பாதிக்கு மேல அதுதான். பயத்தங்கஞ்சி கருக்கலைன்னாத்தான் சந்தேகப்படணும். மைதாவா, யார் போட்டா, எதுக்குப் போட்டான்னெல்லாம் அயோடினுக்குத் தெரியாது. டாக்டர் இல்லைன்னு சொன்னது புரதம். புரதம் இருக்கான்னு பாக்க வேற மருந்து வேணும்.”

“அதுக்கு லேபுக்கு அனுப்பணுமோ?”

“உங்க தோட்டமே லேபுதான். ஏலச்செடி அழுகாம இருக்க மழைக்கு முன்னாடி சுண்ணாம்போட கலந்து அடிப்பேளே, அந்தத் துருசு, மயில்துத்தம் இருக்கா?”

“நானே ஸ்பிரே ஷெட்டுல இருந்து எடுத்திட்டு வாரேன் மேடம்!” என்று மழையில் பாய்ந்து ஓடினார் ஜோபி. வரும்போது கையில் நீலக் கல்லும், கேட்காமலே ஒரு கோழிமுட்டையும் இருந்தன. சாம்பிளுக்கு ஏதாவது வேண்டியிருக்கும் என்று நினைத்தாராம். இப்படிப்பட்ட ஆள் கிடைத்தால் தன் வேலை போய்விடும் என்று திருமூர்த்திக்குக் கவலை வந்தது. லயத்தில் சோப்பு காய்ச்சும் பெண்களிடமிருந்து காஸ்டிக் சோடா வாங்கி வரும் வேலை மட்டும் அவனுக்கு மிச்சமிருந்தது.

ஜானவி முட்டையை உடைத்து வெள்ளைக்கருவைக் கிண்ணத்தில் எடுத்தாள். கை படாமல் காஸ்டிக் கரைசலைச் சேர்த்தாள். துருசைக் கரைத்த தண்ணீரை அதில் இரண்டு சொட்டு விட்டுக் குலுக்கினாள். நீலமாக விழுந்த சொட்டு, கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது.

“இப்படி ஊதாவா மாறினா புரதம் உண்டு. நீலமாவே நின்னா இல்லை. இனி கஞ்சி.”

எல்லாத் தலைகளும் ஒரே கிண்ணத்துக்குள் குனிந்தன. சொட்டு விழுந்தது. நீலம். குலுக்கினாள். நீலம். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். ஓரத்தில் ஊதா என்று சொன்னால் சொல்லலாம், சொல்லாவிட்டாலும் குற்றமில்லை என்கிற அளவுக்கு ஒரு சாயல். மற்றபடி அசல் நீலம்.

சாக்கில் இருந்த பயற்றை அரைத்து அதே மருந்தை விட்டபோது ஊதா பளிச்சென்று எழுந்தது.

திருமூர்த்தி கணக்குப் போட்டுப் பார்த்தான். மேனேஜருடைய அரைகுறைச் சோதனையை உடைக்கப்போய், மேடம் தன் கையாலேயே முழுச் சோதனை செய்து ரோசியை மாட்டிவிட்டாள். சாக்கில் சத்து இருக்கிறது. கஞ்சியில் இல்லை. சாக்கு இருக்கும் அறையின் சாவி ரோசியின் இடுப்பில் தொங்குகிறது.

“கேக்க சங்கடமாத்தான் இருக்கு” என்று பெருமூச்சு விட்டார் ஜோபி. “பாவம், இவுக கஷ்டம் இவுகளுக்கு. போலீசு கீலீசுன்னு போக வேண்டாம் சார். பேசாம அனுப்பிருவோம்.”

“மேடம், நாம காப்பாத்த வந்த அம்மா சோலிய நாமளே முடிச்சுப்போட்டமாட்ட இருக்குதுங்க” என்று காதோடு கிசுகிசுத்தான் திருமூர்த்தி. “ரிவர்ஸ் எடுத்துரலாங்களா?”

ஜானவியின் பார்வை கூரைக்கு அடியில் கட்டியிருந்த கொடியில் நின்றது. பிள்ளைகளின் ஈரச் சட்டைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைத் துணி தொங்கியது.

“அது என்ன?”

“துணிங்க” என்றான் திருமூர்த்தி. “வெளுத்துக் காயப்போட்ருக்குது. மேனேஜர் சட்டைக்குத் தங்கச்சியாட்ட மொடமொடன்னு இருக்குதுங்க.”

“சட்டைக்குக் கஞ்சி போடுவா. கிழிஞ்ச துணிக்கு யாராவது போடுவாளோ? எடுத்துண்டு வா.”

துணியின் நடுவில் பச்சைத் துணுக்குகள் ஒட்டிக் காய்ந்திருந்தன. ஜானவி அந்த இடத்தை நனைத்து காஸ்டிக்கையும் துருசையும் சொட்டினாள். வெள்ளைத் துணியில் வட்டமாக ஊதா பூத்தது.

“ரோசி, பயத்தை வேகவச்சதும் என்ன பண்ணுவேள்? ஒண்ணு விடாம சொல்லுங்கோ.”

“என்ன செய்வாகம்மா? குழைய வேகவைப்பேன். துணியில ஊத்தி இறுக்கிப் பிழிஞ்சி தெளிவை எடுப்பேன். அதுல கூவைக்கிழங்குப் பொடியைக் கரைச்சிக் கொதிக்கவிட்டு, சீரகமும் உப்பும் போட்டு ஊட்டுவேன். சத்தெல்லாம் தண்ணியிலதான இறங்கும்? சக்கையில என்ன இருக்கு?”

அவள் அதை ஒளிக்கவே இல்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. சமையலில் தன் பக்குவத்தைச் சொல்லும் பெருமையோடுதான் சொன்னாள்.



“நேர்மாறாக்கும் அம்மா” என்றாள் ஜானவி. குரல் தணிந்திருந்தது. “பயத்தோட புரதம் தண்ணியில ஓடிவராது. கொஞ்சம்தான் வரும். மத்ததெல்லாம் நீங்கள் பிழிஞ்சு வெளியில போடறேளே, அந்தச் சக்கையில நிக்கும். கூவைப்பொடி வெறும் மாவுச்சத்து. கொழந்தைகள் வயறு ரொம்பும், தூங்கும், உடம்புல மாத்திரம் ஒண்ணும் ஒட்டாது.”

ரோசி தன் கைகளையே பார்த்தாள். இவ்வளவு நேரம் அழாதவள் இப்போது சுவரில் சரிந்து உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். அந்த அழுகையில் பொய் இருப்பதாக நினைக்கத் திருமூர்த்திக்கு இனி மனசு வரவில்லை.

“பிழியச் சொன்னது யாரு?” என்று கேட்டாள் ஜானவி.

தமிழ்ப்ரியாவின் முகம் வெளுத்தது. “நாங்கதான் சொன்னோம்” என்றாள். “எல்லா அம்மாவும் சேந்துதான் சொன்னோம். மழை தொடங்கினப்ப ரெண்டு மூணு பிள்ளைகளுக்கு வயித்தால போச்சி. பயறை முழுசாக் குடுத்தா வயிறு உப்பும், வடிச்சிக் குடுங்கன்னு…”

“உங்களுக்கு யாரு சொன்னா?”

“எல்லாரும் சொன்னாக.”

“எல்லாரும்னு ஒரு ஆள் கிடையாது. முதல்ல சொன்ன ஆள் ஒண்ணு இருக்கும்.”

தமிழ்ப்ரியா யோசித்தாள். மெதுவாக அவள் தலை திரும்பியது. “காட்டுல கஞ்சி குடிக்க உக்காந்தப்ப… ஜோபி சார்தான சொன்னீக? டாக்டர் சொன்னாருன்னு?”

“நல்லதுக்குத்தான் சொன்னேன்!” என்றார் ஜோபி. “கேட்டதைச் சொன்னேன். தப்புன்னா தப்புத்தான், எனக்கென்ன தெரியும்? நான் என்ன டாக்டரா?”

நியாயமான பதில்தான். ஊரில் பாதிப் பேர் நம்புவதைத்தானே அந்த மனிதரும் நம்பினார்? திருமூர்த்தி ஜோபிக்காகக் கொஞ்சம் இரக்கப்படக்கூடத் தயாராக இருந்தான். ஆனால் மேடம் சட்டென்று வேறு பக்கம் தாவினாள்.

“பிழிஞ்ச சக்கையை என்ன பண்ணுவேள், ரோசி?”

“வெளிய ஒரு வாளி இருக்கும்மா. அதுல போட்டா ஜோபி சார் எடுத்திட்டுப் போயிருவாக. பன்னிக்கு.”

“கழிவு சார் அது” என்று ஜோபி மேனேஜரிடம் திரும்பினார். “ஓடையில கொட்டுனா நாறும். நான் எடுத்துச் சுத்தம் பண்ணுதேன். அதுவும் குத்தமா?”

*

ஜோபியின் வீடு மேட்டில் இருந்தது. அதற்குப் பின்னால் பன்றிக்கொட்டில். மேனேஜர் குடையோடு முன்னால் நடக்க, அம்மாமார் பின்னால் வந்தார்கள். ரோசியையும் தமிழ்ப்ரியா ஒரு கையால் பற்றி இழுத்து வந்தாள்; கோபத்தில் இழுக்கிறாளா, வேறெதிலா என்று திருமூர்த்தியால் பிரித்தறிய முடியவில்லை.

கொட்டிலில் கிடந்த பன்றிகளைப் பார்த்ததும் அவன் நின்றுவிட்டான். இடுக்கியில் பன்றி வளர்க்கும் வீடுகள் நிறைய. அவனும் எத்தனையோ பார்த்திருக்கிறான். இவை வேறு மாதிரி. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினதுபோல மினுமினுத்தன. ஒன்று தலையைத் தூக்கி அவனைப் பார்த்துவிட்டு, எழுந்திருக்கும் அளவுக்கு நீ ஒன்றும் பெரிய ஆளில்லை என்பதுபோல மறுபடி படுத்தது.

“ஏனுங் மேடம், இதுகெல்லாம் ஜிம்முக்குப் போகுதுங்களா?”

“தொட்டியில இருந்து ஒரு கரண்டி எடு.”

எடுத்தான். ஜானவி மருந்தை விட்டாள். குலுக்கவே தேவைப்படவில்லை. கிண்ணம் கறுப்போ என்று நினைக்கும்படி அடர்ந்த ஊதாவானது.

பிள்ளைகளின் கிண்ணத்தில் நீலம், பன்றித் தொட்டியில் ஊதா. விளக்கம் சொல்ல அங்கே ஆள் தேவைப்படவில்லை. அம்மாமாரில் ஒருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். திருமூர்த்திக்கு ரத்தம் கொதித்தது. கப்பையும் மீனும் தருகிறேன் என்றதற்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனதே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

ஜோபி மட்டும் நிதானமாக இருந்தார். “எனக்கு இப்பத்தான் தெரியுது மேடம். சத்தியமா. சக்கைன்னு நெனச்சேன், பன்னிக்குப் போட்டேன். எல்லாரும் ஏமாந்தோம், நானும் ஏமாந்தேன். பிழிஞ்சது யாரு? ரோசி. பிழியச் சொன்னது யாரு? இவுக எல்லாரும். நான் வாளியைத் தூக்கினவன்.”

மேனேஜர் தாடையைச் சொறிந்தார். “அவன் சொல்றதும் சரிதானே மேடம்? தெரியாம பண்ணினதுக்கு என்ன செய்ய முடியும்? ஆனா ஒரு கொழந்தை ஆஸ்பத்திரியில கிடக்கு. யாராவது ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கணும். கிரெச்சு ரோசி கையிலதானே இருந்தது…”

சுற்றிச் சுற்றிக் கயிறு ரோசியின் கழுத்துக்கே வந்து நின்றது. ஜானவி திருமூர்த்தியைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

“உனக்கு வயத்து வலி.”

“இல்லீங்க, பசி.”

“வயத்து வலி. காலையில இருந்து நிக்காம போறது. வா.”

எஜமானி சொன்னால் வலித்துத்தானே ஆகவேண்டும்! திருமூர்த்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பாதி உண்மையும் பாதி நடிப்புமாக முனகியபடி, ஜோபி வீட்டின் பின்கட்டுச் சமையலறைப் படியில் போய்ச் சரிந்தான். மற்றவர்கள் கொட்டிலோரம் நின்றார்கள். இடையில் ஒரு செம்பருத்தி வேலிதான், பேசினால் கேட்கும்.

உள்ளே ஜோபியின் மனைவி ஜிஷா, இடுப்பில் பிள்ளையை வைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். வெளியில் நடந்த கலவரத்தைப் பன்றி வாங்க வந்த ஆட்களின் இரைச்சல் என்று நினைத்திருப்பாள் போல. குழந்தை நல்ல உருண்டை. தெரியாத ஆளைக் கண்டதும் அது திருமூர்த்தியை நோக்கிக் கையை வீசி, வாயிலிருந்ததைத் துப்பியது.

“இவனுக்கு வயறு சரியில்லை கொழந்தே” என்று ஜிஷாவிடம் சொன்னாள் ஜானவி. அந்தக் குரலில் இத்தனை கருணையைத் திருமூர்த்தி அதுவரை கேட்டதில்லை. “திடமா ஒண்ணும் கொடுக்கப் பயமா இருக்கு. பயறு வேகவச்சு வடிச்ச தண்ணி சித்தே கிடைக்குமா? சத்தா இருக்குமேன்னு கேட்டேன்.”

ஜிஷா சிரித்துவிட்டாள்.

“அந்த வடிச்ச வெள்ளத்துல என்ன சேச்சி சத்து இருக்கு? அதை நாங்க பன்னிக்குக்கூட ஊத்த மாட்டோம்.” கையிலிருந்த கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டினாள். குழைய மசித்த பயறு, தோலும் பருப்புமாகக் கெட்டியாக இருந்தது. “இது குடுங்க, வயித்துக்கு ஒண்ணும் செய்யாது. முதல்ல நானும் எங்க கொச்சுப் பிள்ளைக்கு வடிச்சித்தான் குடுத்தேன். இதோட அப்பாதான் சத்தம் போட்டாக. தண்ணியைக் குடுத்தா பிள்ளை எப்படித் தேறும், சக்கையிலதான் எல்லாம் இருக்கு, பன்னியைப் பாருன்னு சொன்னாக. பன்னி வளக்கிறவுகளுக்கு அது தெரியாமலா?”

வேலிக்கு அந்தப் பக்கத்துத் தலைகள் இந்தப் பக்கம் திரும்பின.

“எப்ப சொன்னார்?”

“மழை தொடங்கினப்ப. கிரெச்சுல பிள்ளைகளுக்கு வயித்தால போச்சின்னு சொன்னாகளே, அந்தச் சமயம்.”

சொன்ன பிறகுதான் ஜிஷா நிமிர்ந்து வேலியைப் பார்த்தாள். அங்கே வரிசையாகத் தெரிந்த முகங்களைப் பார்த்தாள். நடுவே நின்ற தன் புருஷனைப் பார்த்தாள். ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது.

“இவுகளுக்கு நீங்க என்ன சொன்னீங்க?” என்று கேட்டாள்.

ஜோபி பெண்டாட்டியின் கண்ணைச் சந்திக்க முடியாமல் பன்றிகளைப் பார்த்தார். அந்தக் குனிந்த தலையைப் பார்த்து மேனேஜர் குடையை ஆவேசமாக மடக்கினார். மறுபடி விரித்தார்.

“ஒரே வாரத்துல, ஒரே பாசிப்பயத்தைப் பத்தி, ஒரே வாய் ரெண்டு விதமா சொல்லியிருக்கு” என்றாள் ஜானவி. “தன் கொழந்தைக்கு ஒண்ணு, ஊரார் கொழந்தைகளுக்கு ஒண்ணு. அந்தப் பையன் ஆஸ்பத்திரிக்குப் போனதும், விசாரணை வந்தா வாளி வரைக்கும் வருமேன்னு பயம். மைதா கலப்புன்னு கிளப்பி விட்டு, அயோடின் பாட்டிலையும் உங்க கையில திணிச்சாச்சு. ரோசியைச் சீக்கிரம் அனுப்பிட்டா கேள்வியும் அவளோட போயிடும்.”

“சாயங்காலம் எல்லாருக்கும் முன்னாடி அறிவிக்கறேன் மேடம்” என்றார் மேனேஜர். “நீக்கற ஆளோட பேரை மாத்திண்டு.”

“சக்கைதான சார் கேட்டேன்…” என்று தொடங்கினார் ஜோபி.

யாரும் காது கொடுக்கவில்லை. எல்லார் கண்ணும் ரோசியின் மேல் இருந்தது. அவள் கொட்டில் சுவரோரம் சேற்றிலேயே உட்கார்ந்திருந்தாள். பழி நீங்கிய முகமாக அது இல்லை.

“எழுந்திரிங்க ஆயாம்மா, முடிஞ்சுதுங்க” என்று குனிந்தான் திருமூர்த்தி. “வேலை போகலீங்க. ஊடும் போகலீங்க.”

“இந்தக் கையாலதானய்யா பிழிஞ்சேன்” என்றாள் ரோசி. “ஒரு சொட்டு விடாம இறுக்கிப் பிழிஞ்சேன். எனக்கு எதுக்குய்யா இனி அந்த வேலை?”

தமிழ்ப்ரியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“பிழியச் சொன்னது நான்” என்றாள். “எந்திரிங்க. டாக்டர் பாலும் முட்டையும் கொஞ்சங் கொஞ்சமாக் குடுக்கச் சொல்லியிருக்காரு. நான் குடுத்தா வாயை இறுக்கி மூடிக்கிடுதான். அவுக அப்பா குடுத்தாலும் திறக்க மாட்டேங்கான். பொறந்ததுல இருந்து உங்க கையிலதான தின்னு பழகியிருக்கான்?”

ரோசி தலையைத் தூக்கினாள்.

“நேத்தும் உங்களைத்தான் கேட்டான்” என்றாள் தமிழ்ப்ரியா. “நான்தான் சொல்லலை. வாங்கக்கா, நேரமாவுது.”

ரோசி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கொட்டிலுக்கு வெளியே இருந்த குழாயடிக்குப் போய்க் கைகளை முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தமிழ்ப்ரியா பொறுமையாகக் காத்திருந்தாள். திருமூர்த்தி மேடத்தைக் கேட்காமலே ஜீப்பைக் கட்டப்பனைப் பக்கம் திருப்பி நிறுத்தினான்.